பாட்டின் கவரை மாற்றியும் ஏன் பழையதே வருகிறது?

நங்கநல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. அப்பா சேர்த்து வைத்த கேசட்டுகளையும் சிடிகளையும் கம்ப்யூட்டருக்கு மாற்றியிருக்கிறார். கல்லூரி நாட்களில் அங்கே இங்கே இறக்கியதையும் சேர்த்தால் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு. ஃபோனில் எந்தப் பாட்டைத் தொட்டாலும் ஏதோ ஓர் இணையதளத்தின் முத்திரைதான் படமாக வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரில் மாற்றிப் பார்த்தார். அங்கே புதுசு தெரிகிறது, ஃபோனில் பழசேதான். போதாக்குறைக்கு ஒரே சினிமாவின் ஆறு பாட்டும் ஆறு ஆல்பமாகப் பிரிந்து கிடக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற வழி உண்டா என்று கேட்கிறார்.

மாற்றலாம் தம்பி. ஆனால் ஒரேயடியாக மாற்றித் தரும் பொத்தானை மட்டும் தேடாதீர்கள். அப்படி ஒரு பொத்தானை அமுக்கிக் கெட்டுப்போன லைப்ரரிகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. நான் 1989-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் மேற்கு மாம்பலத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தவன். பாட்டு லிஸ்டைக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தருவோமே, அந்தக் கடை. இப்போது அதே கேசட்டுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன். ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். தமிழில் சினிமாவும் படம், அதன் போஸ்டரும் படம், ஃபோனில் எடுப்பதும் படம். "படத்தை மாத்திட்டேன், ஆனா படம் வேற படத்தோட படமா இருக்கு" என்று ஒருவர் எனக்கு ஒருமுறை எழுதியிருந்தார். ஆகவே பாட்டோடு வரும் படத்தை இங்கே கவர் என்றே சொல்கிறேன்.

ஒரு பாட்டின் கவர் மூன்று இடங்களில் இருக்கலாம். பாட்டுக் கோப்புக்கு உள்ளேயே ஒட்டியிருக்கலாம். கோப்பு இருக்கிற ஃபோல்டரில் தனிக் கோப்பாகக் கிடக்கலாம். பாட்டைப் போடும் ஆப் எப்போதோ ஒரு நகல் எடுத்துத் தன்னிடம் பத்திரப்படுத்தியிருக்கலாம். நீங்கள் மாற்றியது ஓர் இடத்தில், ஃபோன் பார்ப்பது இன்னோர் இடத்தில். ரேஷன் கார்டில் முகவரியை மாற்றிவிட்டு, கேஸ் சிலிண்டர் ஏன் இன்னும் பழைய வீட்டுக்குப் போகிறது என்று கேட்பது மாதிரி.

உள்ளே ஒட்டியிருப்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் நம்ப வேண்டியது அதைத்தான். எம்பி3 கோப்பில் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் இதெல்லாம் எழுதும் பகுதிக்கு ஐடி3 டேக் என்று பெயர். 1996-இல் வந்த முதல் வடிவம் கோப்பின் வாலில் வெறும் 128 பைட். பாட்டின் பெயருக்கு 30 பைட்தான். கவருக்கு இடமே கிடையாது. 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் கோப்பின் தலைப்பக்கம் போய் உட்கார்ந்தது, கவருக்கும் இடம் கொடுத்தது. ஒரு கவருக்கு மட்டுமில்லை, எத்தனைக்கு வேண்டுமானாலும். ஒவ்வொன்றும் என்ன வகை என்று குறிக்க 0 முதல் 20 வரை எண்கள் உண்டு: 3 என்றால் முன் அட்டை, 4 பின் அட்டை, 6 இசைத்தட்டின் லேபிள், இப்படி. 17 என்றால் 'பளிச்சென்ற நிறமுள்ள மீன்'. நான் விளையாடவில்லை, அந்த ஆவணத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் மீன் ஒட்டிய கோப்பு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

உங்கள் சிக்கலுக்கு இந்த எண்கள்தான் முதல் துப்பு. பாட்டை ஏற்றிவிட்ட தளக்காரர்கள் தங்கள் முத்திரையை 0, அதாவது 'மற்றவை' என்ற வகையில் ஒட்டியிருப்பார்கள். நீங்கள் புதுக் கவரை 'முன் அட்டை' என்று சேர்த்தீர்கள். இப்போது கோப்புக்குள் இரண்டும் இருக்கின்றன. கம்ப்யூட்டரில் உள்ள பிளேயர் முன் அட்டையைத் தேடி எடுத்துக் காட்டுகிறது. ஃபோனில் உள்ளது வகையைப் பார்க்காமல் முதலில் கண்ணில் பட்டதைக் காட்டுகிறது. அதனால் சேர்ப்பதற்கு முன் துடைக்க வேண்டும். இருக்கிற கவர்களை மொத்தமாக நீக்கிவிட்டு, அப்புறம் ஒன்றே ஒன்றை ஒட்டுங்கள். சுவரில் பழைய போஸ்டரைக் கிழிக்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டு போகிற பழக்கம் இங்கே உதவாது.

எம்4ஏ, ஃப்ளாக் என்ற வேறு வகைப் பாட்டுக் கோப்புகளிலும் கவருக்கென்று இடம் உண்டு, அவற்றில் சிக்கல் குறைவு. டபிள்யூஏவி கோப்பாக வைத்திருந்தால்தான் தொல்லை. அதில் கவருக்கு எல்லா பிளேயரும் ஒத்துக்கொண்ட இடம் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் கேசட்டுகளை டபிள்யூஏவி-யாகப் பதிந்திருந்தால் ஃப்ளாக் ஆக்கிவிடுங்கள். ஒலியில் ஒரு துளியும் குறையாது, இடமும் மிச்சம்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதன் மியூசிக் ஆப்பில் 'கெட் ஆல்பம் ஆர்ட்வொர்க்' என்று கொடுத்தால் கவர்கள் வரிசையாக வந்து அழகாக நிற்கும். ஆனால் அவை கோப்புக்குள் போவதில்லை, ஆப்பின் கிடங்கில்தான் இருக்கும். பென் டிரைவில் போட்டுக் காரில் செருகினால் எல்லாம் வெறுமை. பாட்டைத் தேர்ந்து 'கெட் இன்ஃபோ' போய், ஆர்ட்வொர்க் பகுதியில் நீங்களே கையால் சேர்த்தால்தான் அது கோப்போடு ஒட்டும்.

இரண்டாவது இடம் ஃபோல்டர். ஃபோல்டர்.ஜேபிஜி அல்லது கவர்.ஜேபிஜி என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு கோப்பு உள்ளே இருந்தால் பல பிளேயர்கள் அதைக் கவராக எடுத்துக்கொள்ளும். எது முந்தும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. வீட்டில் சர்வர் வைத்துக் கேட்பவர்கள் பயன்படுத்தும் நாவிட்ரோம் போன்றவை, மாற்றிச் சொல்லாத வரை, ஃபோல்டரில் கிடப்பதைத்தான் முதலில் பார்க்கும். கோப்புக்குள் இருப்பது அதற்கு அடுத்துத்தான். போதாததற்குப் பழைய விண்டோஸ் மீடியா பிளேயர் செய்து வைத்த வேலை ஒன்று இருக்கிறது. அது தன்பாட்டுக்கு இணையத்திலிருந்து கவர் எடுத்து, 200-க்கு 200 புள்ளி அளவில் சுருக்கி, ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைத்து வைத்துவிடும். விண்டோஸில் 'மறைந்த கோப்புகளைக் காட்டு' என்று கொடுத்தால்கூடத் தெரியாது, ஏனென்றால் அவற்றுக்கு சிஸ்டம் கோப்பு என்ற முத்திரையும் இருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் டிக்கையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், மங்கலாக வரிசையில் நிற்கும். நீக்கிவிடுங்கள். வேலை முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

என் வழக்கம் கவரை உள்ளே ஒட்டுவது மட்டும்தான். ஃபோல்டர் கவரை ஃபோனுக்குக் கொண்டுபோனால் கேலரி முழுக்க சினிமா போஸ்டராக நிரம்பிவிடும். வீட்டு விசேஷ ஃபோட்டோவைத் தேடினால் நடுவே நாயகன் துப்பாக்கியோடு நிற்பார். அதைத் தடுக்க 'நோமீடியா' கோப்பு ஒன்றை அந்த ஃபோல்டரில் போடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். போட்டால் கேலரியிலிருந்து போஸ்டர் போகும், பிளேயரிலிருந்து பாட்டும் போகும்.

மூன்றாவது, ஆப் வைத்திருக்கும் நகல். ஆண்ட்ராய்டு ஃபோன் பாட்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கவரைச் சின்னதாக்கி எடுத்து வைத்துக்கொள்ளும். அதே ஃபோல்டரில் அதே பெயரில் நீங்கள் புதுக் கோப்பை மேலெழுதினால், அது 'தெரிந்த பாட்டுதானே' என்று பழைய நகலையே நீட்டும். பிளேயர் ஆப்பின் கேஷை, அதாவது அது எடுத்து வைத்த நகல்களைத் துடைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், பாட்டுகளை ஃபோனிலிருந்து நீக்கி, ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்து ஏற்றுங்கள். முரட்டு வைத்தியம்தான், ஆனால் கேட்கும்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் கவர் வேலையைத் தொடங்காதீர்கள். முதலில் பெயர் வேலை. நான் பார்த்தவரை கவர் தகராறு என்று வருவதில் முக்காலும் பெயர் தகராறுதான்.

ஆங்கில ஆல்பத்தில் ஒரு குழு, பத்துப் பாட்டு, எல்லாம் அவர்களே பாடியது. இந்த மென்பொருள்கள் எல்லாம் அந்தக் கணக்கில் எழுதப்பட்டவை. நம் சினிமா ஆல்பத்தில் நான்கு பாட்டு, பல பாடகர்கள். முதல் பாட்டு எஸ்.பி.பி., இரண்டாவது ஜானகி, மூன்றாவது இருவரும், நான்காவது மலேசியா வாசுதேவன். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தை மட்டும் பார்க்கிற பிளேயர், இது நான்கு பேருடைய நான்கு ஆல்பம் என்று முடிவுகட்டிவிடும். நீங்கள் ஒன்றுக்குக் கவர் மாற்றினால் மற்ற மூன்றும் மாறாமல் நிற்கும். உங்கள் ஆறு பாட்டு ஆறு ஆல்பமானது இப்படித்தான்.

இதற்கு மருந்து 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இன்னொரு கட்டம். அது தனி, ஆர்ட்டிஸ்ட் தனி. பாடகர்கள் பெயரை ஆர்ட்டிஸ்டில் விட்டுவிடுங்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் இசையமைப்பாளர் பெயரை எல்லாப் பாட்டுக்கும் ஒரே மாதிரி போடுங்கள். 'ஒரே மாதிரி' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இளையராஜா என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு பந்தயமே வைக்கலாம். நடுவில் ஒய் உள்ளது, இல்லாதது, இரட்டை ஏ உள்ளது, இல்லாதது, முன்னால் 'இசைஞானி' சேர்த்தது, பின்னால் ஒரு வெற்றிடம் தொங்குவது. கடைசியில் சொன்னதுதான் கொடுமை, கண்ணுக்கே தெரியாது. ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில் ராஜா மட்டும் பதினோரு ஆளாக இருந்தார். அவர் பெயரைத் தமிழிலேயே எழுதிவிட்டால் இந்தத் தகராறு பாதி தீரும். எழுத்துகள் கேள்விக்குறியாகத் தெரிந்தால் அது பழைய வடிவ டேக். டேக்கைத் திருத்தும் மென்பொருளின் (எது என்று கீழே சொல்கிறேன்) ஆப்ஷன்ஸில் ஐடி3 பதிப்பு 2.3, யூடிஎஃப்-16 என்று வைத்து எழுதுங்கள். பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களும் அதைப் படிக்கும்.

ஆல்பம் பெயரிலும் இதே கதை. தளத்தின் பெயர், 'தமிழ்', 'ஒரிஜினல் மோஷன் பிக்சர்' என்று வால் வாலாகத் தொங்கும். எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, சினிமாவின் பெயரையும் ஆண்டையும் மட்டும் வையுங்கள். ஆண்டு எதற்கு என்றால், ஒரே பெயரில் இரண்டு சினிமா வருவது நம் ஊரில் சர்வசாதாரணம். விக்ரம் 1986-இல் ஒன்று, 2022-இல் ஒன்று. இரண்டிலும் கமல்தான். முதலாவதற்கு இசை இளையராஜா, இரண்டாவதற்கு அனிருத். பெயரை மட்டும் பார்த்துக் கவர் தேடும் எந்த மென்பொருளும் 1986 பாட்டுக்கு 2022 போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டும் அபாயம் உண்டு. ஒரேயடியாக மாற்றும் பொத்தான் வேண்டாம் என்று மேலே சொன்னேனே, இதற்காகத்தான்.

பெயர் ஒழுங்கானதும் கவர் வேலை கால் மணி நேரத்து வேலை. விண்டோஸில் எம்பி3டேக் என்ற இலவச மென்பொருள் போதும். ஆப்பிளுக்கும் இருக்கிறது, காசு கேட்கும். அங்கேயும் லினக்ஸிலும் கிட்3 இலவசம். எம்பி3டேக்கில் ஒரு ஆல்பத்தின் ஃபோல்டரைத் திறந்து, கண்ட்ரோல்-ஏ தட்டி எல்லாப் பாட்டையும் தேர்ந்துகொள்ளுங்கள். இடப்பக்கப் பட்டையின் அடியில் ஒரு சதுரத்தில் இப்போதுள்ள கவர் தெரியும். அதன்மேல் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ் கவர்'. கண்ட்ரோல்-எஸ் தட்டிச் சேமியுங்கள். சதுரம் காலியாகிவிட்டதா என்று பாருங்கள். பிறகு புதுக் கவரை இழுத்து வந்து அந்தச் சதுரத்தில் விடுங்கள், மறுபடி சேமியுங்கள். ஒரு பாட்டைத் தேர்ந்து ஆல்ட்-டி (T) தட்டினால் உள்ளே எத்தனை கவர், என்ன வகை என்று விவரமாகக் காட்டும். ஒன்றுதான் இருக்க வேண்டும், முன் அட்டை என்று இருக்க வேண்டும். இதைச் செய்யும் முன் மொத்த ஃபோல்டரையும் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வைத்தீர்களா? இல்லையென்றால் இத்தோடு நிறுத்திவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

கவரின் அளவு பற்றி ஆளாளுக்கு ஒரு கட்சி. என் கட்சி, 1000-க்கு 1000 புள்ளி, ஜேபிஜி, 150 முதல் 250 கேபிக்குள். இணையத்தில் கிடைக்கிறதே என்று 3000 புள்ளிக் கவரை ஒட்டினால் ஒவ்வொன்றும் 3 எம்பி வரும். கவர் ஆல்பத்துக்கு ஒன்று என்று நினைப்போம். உள்ளே ஒட்டும்போது அது பாட்டுக்கு ஒன்று. நாலாயிரம் பாட்டுக்கு 12 ஜிபி கவராலேயே போய்விடும். 150 கேபி என்றால் 600 எம்பியோடு முடியும். ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் 5 எம்பிகூட வராது, அதன் தலையில் 3 எம்பி கவர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கார் ஸ்டீரியோவில் கவர் வராமல் அடம்பிடித்தால் பெரும்பாலும் அந்த ஜேபிஜியின் வகைதான் காரணம். 'புரோகிரஸிவ்' என்று ஒரு வகை உண்டு, இணையப் பக்கங்களுக்காக வந்தது. பல கார் ஸ்டீரியோக்களுக்கு அது புரியாது. எந்தப் படத் திருத்தியிலாவது திறந்து, புரோகிரஸிவ் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி சேமித்தால் சரியாகிவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் இதற்காகப் புது ஸ்டீரியோ வாங்கிப் போட்டுக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். புதியதிலும் கவர் வரவில்லை.

இனி, எந்தக் கவரை ஒட்டுவது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

புதிய ஆல்பங்களுக்குப் பிரச்சினை இல்லை. மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற தன்னார்வலர் தளமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சேர்ந்து 2012-இல் தொடங்கிய கவர் ஆர்ட் ஆர்க்கைவில் தேடலாம். பிக்கார்ட் என்ற மென்பொருள் அங்கிருந்து எடுத்துத் தரும். எல்பி, ஈபி இசைத்தட்டுகளின் உறைகளை டிஸ்காக்ஸ் என்ற தளத்தில் சேகரிப்பாளர்கள் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எண்பது, தொண்ணூறுகளின் தமிழ் கேசட்டுகளுக்குத்தான் என் அனுபவத்தில் பெரிய ஓட்டை. ஸ்ட்ரீமிங் ஆப்களில் கிடைக்கும் கவர், உரிமை வாங்கிய நிறுவனம் பிற்பாடு நாலு ஸ்டில்லை ஒட்டிச் செய்தது. தப்பில்லை. ஆனால் அப்பாவின் அலமாரியில் இருந்த கவர் அது இல்லை. அந்தக் கேசட் இன்னும் கையில் இருக்கும்போது எதற்கு இணையத்தில் தேட வேண்டும்? பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அச்சு அட்டையை, அதாவது இன்லேயை, உருவி ஸ்கேனரில் வையுங்கள்.

அச்சுக் கவரை ஸ்கேன் செய்தால் புள்ளி புள்ளியாக ஒரு சல்லடை தெரியும். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, 'டீஸ்க்ரீன்' என்று இருந்தால் அதைப் போட்டு, பிறகு சுருக்குங்கள், சல்லடை மறைந்துவிடும். சிடியின் புத்தகம் 12 செ.மீ. சதுரம், சுலபம். எல்பி உறை 31 செ.மீ.க்கு மேல், ஏ4 ஸ்கேனரில் அடங்காது. அதைத் தரையில் வைத்து, வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரத்தில், நேர் மேலிருந்து ஃபோட்டோ எடுங்கள். பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் கவரில் உங்கள் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்லே மட்டும் சதுரமில்லை. முகப்பு ஏறக்குறைய 6.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம். ஆப்களோ சதுரம் கேட்கும். இழுத்து அகலமாக்கினால் நாயகிக்கு முகம் பூசணிக்காய் ஆகிவிடும், செய்யவே செய்யாதீர்கள். மேலும் கீழும் வெட்டினால் மேலே சினிமாவின் பெயர் போகும், கீழே பாடலாசிரியர் பெயர் போகும். நான் செய்வது இது. ஒரு சதுரம் எடுத்து, இன்லேயின் முதுகுப் பட்டையில் என்ன நிறம் இருக்கிறதோ அதையே பின்னணியாகப் பூசி, நடுவில் இன்லேயை முழுசாக வைத்துவிடுவேன். இரண்டு பக்கமும் பட்டை தெரியும். தெரியட்டும், கேசட் என்றால் அப்படித்தான்.

ஈரத்தில் ஒட்டிப்போன இன்லே என்றால் அவசரப்படாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் இருந்த கேசட்டுகள் மூன்று நாள் ஊறிக் கிடந்தன. வழவழ காகிதம் காய்ந்தால் பிளாஸ்டிக்கோடு ஒன்றிவிடும், அப்புறம் பிரித்தால் மை கையோடு வரும். அதனால் காய விடாமல், சுத்தமான தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டப்பில் கேசட் பெட்டியைத் திறந்து முக்கி, இன்லே தானாக மிதந்து வரும்வரை காத்திருந்தோம். தபால்தலையை உறையிலிருந்து எடுப்பது மாதிரி. பிறகு மொட்டை மாடிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம். எண்பதுகளின் கதாநாயகர்கள் அத்தனை பேரும் துணிக்கு நடுவே தொங்கியதைப் பக்கத்து வீட்டம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

உங்கள் அப்பாவின் கேசட்டுகளில் பாதி ஏ பக்கம் ஒரு சினிமா, பி பக்கம் இன்னொன்று என்று இருக்குமே, அதை என்ன செய்வது? சினிமா வாரியாக இரண்டு ஆல்பமாகப் பிரியுங்கள், தேடும்போது வசதி. ஆனால் கவரை வெட்டாதீர்கள். இரண்டு ஆல்பத்துக்கும் அதே முழு இன்லேயையே ஒட்டுங்கள். ஒழுங்குப் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அந்த இரண்டு சினிமாவும் உங்கள் வீட்டில் ஒன்றாகத்தான் ஒலித்தன. ஒன்று ஓடி முடிந்தால் மற்றது வரும் என்று உங்கள் காதுக்குத் தெரியும்.

இன்னும் பழையதற்குப் போனால், கவர் என்ற ஒன்றே இல்லாத காலம் வரும். ஐம்பதுகளில் ஒரு சினிமாவின் பாட்டுகள் 78 வேகத் தட்டுகளில், பக்கத்துக்கு மூன்று நிமிஷமாகச் சிதறி வந்தன. உறை வெறும் பழுப்புக் காகிதம், நடுவில் லேபிள் தெரிய ஒரு வட்ட ஓட்டை. அதற்கு இணையத்தில் யாராவது ஒரு கவர் தந்தால் அது நேற்று செய்தது. அந்தப் பாட்டுகளுக்குச் சரியான கவர் தியேட்டரில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டை என்பேன். கதையைப் பாதி சொல்லிவிட்டு 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிக்குமே, அதுதான். வீட்டுப் பரணில் ஒன்றிரண்டு கிடக்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாம். அதுவும் இல்லையா, தட்டின் வட்ட லேபிளை ஃபோட்டோ எடுத்து ஒட்டுங்கள். எண் 6 இருக்கிறதே, அதற்குத்தான். ஆனால் ஃபோனுக்காக அதையும் 3 என்றே குறித்துவிடுங்கள்.

கச்சேரிப் பதிவுகளுக்குக் கவரை நீங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். மார்கழி சபா நிகழ்ச்சி நிரலின் அந்த நாள் பக்கம், டிக்கெட், எதுவானாலும் சரி. ஆல்பம் பெயரில் பாடகர், சபா, தேதி மூன்றும் இருக்கட்டும். இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து எல்லா காம்போதியும் ஒரே ஆல்பமாகிவிடும்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் வரும் கவரை மாற்ற முடியுமா என்றும் கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். முடியாது, அது அவர்கள் கடைப் பலகை. நீங்கள் போட்ட பிளேலிஸ்டின் கவரை மட்டும் மாற்றலாம்.

மிச்சமிருப்பது ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகள். உங்கள் அப்பாவிடம் ஒரு இருபதாவது இருக்கும். 60 நிமிடக் கேசட், பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டு சினிமா. இவற்றைச் சினிமா வாரியாகப் பிரிக்காதீர்கள். ஆல்பம் ஆர்ட்டிஸ்டில் 'பலர்' என்று போட்டு, 'கம்பைலேஷன்' என்ற டிக்கையும் போட்டால் ஒரே ஆல்பமாக நிற்கும். பாட்டு எண்ணைக் கேசட் வரிசைப்படியே கொடுங்கள். கவருக்கு, உள்ளே இருக்கும் கோடு போட்ட அட்டையையே ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் வேண்டாம், கலரில். நீல பால்பாயின்ட் மை முப்பது வருஷத்தில் வெளுத்துப் போயிருக்கும், கறுப்பு வெள்ளையில் சுத்தமாகக் காணாமல் போகும். கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் ஏற்றினால் எழுத்து எழும்பி வரும். ஆல்பம் பெயராக அட்டையின் முதுகில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வையுங்கள். எங்கள் கடையில் வந்ததில் பாதிக்கு 'மிக்ஸ் 3' என்றுதான் இருக்கும். மிக்ஸ் 1, 2 எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.